எட்டாம் வகுப்பு முடித்தால் என்ன கணக்கு தெரிய வேண்டும்?

3 பெரிதா, 10 பெரிதா?

முதல் வகுப்புப் பிள்ளை கூட, "10 தான் பெரிது" என்று சொல்லிவிடும்.

ஆனால் கடன் வாங்கும்போது இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிடும்!

மேலூர் பக்கம் ஒரு விவசாயி. அவருக்கு 10 ஆயிரம் ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். "நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி" என்கிறார், ஊரில் கடன் கொடுப்பவர். "ஆண்டுக்கு 10 சதவீதம்" என்கிறது வங்கி.

3 தானே குறைவு என்று விவசாயி நினைத்தால், ஏமாந்து போவார்.

ஏன் தெரியுமா? ஊர்க் கடனில் 3 ரூபாய் என்பது மாத வட்டி. 10 ஆயிரத்துக்கு மாதம் 300 ரூபாய். ஆண்டுக்கு 3,600 ரூபாய்! வங்கி வட்டியோ ஆண்டுக்கு 1,000 ரூபாய் தான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவை இல்லை. ஏழாம் வகுப்புக் கணக்கே போதும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு அது தெரிந்தால், 2,600 ரூபாய் மிச்சம்.

அந்தக் காலத்தில்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த தாத்தாக்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். எண்சுவடியைப் பாராமல் ஒப்பித்தார்கள்.

கால், அரைக்கால், மாகாணி எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மாகாணி என்றால் 16இல் ஒரு பங்கு. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு!

8 ஆழாக்கு ஒரு படி. 8 படி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். களத்தில் நெல் அளக்கும்போதே கணக்கு முடிந்துவிடும்.

அந்தப் படிப்பின் நோக்கம் என்ன? களத்திலும் கடையிலும் ஏமாறாமல் பிழைக்க வேண்டும். அவ்வளவுதான்.

பிறகு காசு மாறியது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ந் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பது போய், 100 பைசா என்று ஆனது. அடுத்து கிலோவும் மீட்டரும் வந்தன. மாகாணி போய், தசமப் புள்ளி வந்தது.

இரண்டு குறிக்கோள்

பள்ளியில் கணக்கு எதற்காக? இதை ஆராய 2005ஆம் ஆண்டு தேசிய பாடத்திட்டம் வகுத்தபோது ஒரு குழு அமைத்தார்கள். அதன் தலைவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர்.ராமானுஜம். (கணித மேதை சீனிவாச ராமானுஜன் வேறு, இவர் வேறு.)

கணக்குக்கு இரண்டு குறிக்கோள் உண்டு என்று அந்தக் குழு சொன்னது. ஒன்று, சிறிய குறிக்கோள்: அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய கணக்கைப் போடத் தெரிவது. மற்றொன்று, பெரிய குறிக்கோள்: முறையாகச் சிந்திக்கப் பழகுவது.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனால் இது எளிதில் புரியும்.

மல்லிகை கிலோ 800 ரூபாய் என்றால், கால் கிலோ 200 ரூபாய். இதை எல்லோரும் சொல்லுவார்கள். 350 கிராம் என்ன விலை?

"கால் கிலோவுக்கு 200. மீதி 100 கிராமுக்கு 80. ஆக, 280 ரூபாய்" என்கிறாள் ஒரு சிறுமி. "10 கிராம் 8 ரூபாய். 35 எட்டு 280" என்கிறான் இன்னொரு சிறுவன்.

வழி இரண்டு; விடை ஒன்று. தானே வழி கண்டுபிடிப்பதுதான் பெரிய குறிக்கோள்.

மூன்று ஆண்டுகள்

தமிழ்நாட்டில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த பாடப்புத்தகங்களின்படி, ஆறாம் வகுப்பில் பின்னம், விகிதம், லாப நட்டம் ஆகியவை உண்டு. ஏழாம் வகுப்பில் தசமம், சதவீதம், தனிவட்டி. எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி, தள்ளுபடி, சமன்பாடு.

இவை வீட்டுக்கு உதவுமா? நன்றாக உதவும்!

ஊருக்கு வெளியே 5 சென்ட் மனை விலைக்கு வருகிறது. அளந்து பார்த்தால் 40 அடிக்கு 50 அடி. அதாவது 2,000 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி இருக்க வேண்டும். 178 சதுர அடி குறைகிறது! பரப்பளவு படித்த பிள்ளை இதைச் சொல்லிவிடும்.

எங்கே இடறுகிறது?

பல பிள்ளைகள் பின்னத்திலும் தசமத்திலும் தான் இடறுகிறார்கள்.

0.5 பெரிதா, 0.25 பெரிதா? "25 தான் பெரிது" என்று நினைத்துப் பிள்ளை தவறாகச் சொல்லும். அடிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. 0.5 கிலோ என்றால் 500 கிராம், 0.25 கிலோ என்றால் 250 கிராம் என்று தராசில் காட்டினால் போதும். பிறகு மறக்காது.

இந்த இடத்தில் கைவிட்டால், சதவீதம் புரியாது. வட்டியும் புரியாது. "எனக்குக் கணக்கே வராது" என்று பிள்ளை ஒதுங்கிவிடும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

"எனக்கும் கணக்கு வராது, உனக்கு மட்டும் எப்படி வரும்?" என்று பிள்ளையிடம் சொல்லக் கூடாது. பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்றும் கேட்கக் கூடாது.

மளிகைக் கடை பில்லைக் கையில் கொடுத்து, "சரியா என்று பார்" என்று சொல்லலாம். விடை வந்ததும், "எப்படிப் போட்டாய்?" என்று கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

ஆசிரியரைப் பார்க்கும்போது, "எத்தனை மார்க்?" என்பதோடு நிறுத்தாமல், "எந்தக் கணக்கு வரவில்லை?" என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்களுக்குத் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு நடக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. தேர்வு பெற்றால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தொடர்ந்து நன்றாகப் படித்தால், 4 ஆண்டில் 48 ஆயிரம் ரூபாய்!

அதை விடப் பெரிய பரிசும் ஒன்று உண்டு. கடன் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில், "கொஞ்சம் பொறுங்கப்பா, வட்டி மாதத்துக்கா, ஆண்டுக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்கிறதே, அதுதான் அந்தப் பரிசு!