கஞ்சா வீட்டில் பிடிபட்ட சிறுவன்

2009 மே 6. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு குடியிருப்பு வீட்டைப் போலீசார் சோதனையிட்டார்கள். உள்ளே 420 கஞ்சாச் செடிகள். மதிப்பு 1,30,000 பவுண்டுக்கு மேல். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்: பதினெட்டு வயது நிரம்பாத வியட்நாமியச் சிறுவன். வளர்ப்புத் தந்தைதான் தன்னைத் திருட்டுத்தனமாக நாட்டுக்குள் கொண்டுவந்தார், வந்ததும் இரண்டு வியட்நாம்காரர்கள் இங்கே சேர்த்துவிட்டார்கள் என்று அவன் சொன்னான். கையில் ஒரு செல்பேசியும் 100 பவுண்டும் இருந்தன.

இத்தகைய வீடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். வெளிச்சம் கசியாதபடி ஜன்னல்களை மூடியிருப்பார்கள். மீட்டரைச் சுற்றிக்கொண்டு திருட்டு மின்சாரம் வரும். வரிசையாக எரியும் விளக்குகளின் அனலில் தண்ணீர் ஊற்ற ஒருவர் மட்டும் உள்ளேயே கிடப்பார். முதலாளி அந்தப் பக்கமே வருவதில்லை. போலீஸ் வந்தால் சிக்கப்போவது தண்ணீர் ஊற்றுபவர்தான் என்பது கடத்தல்காரரின் கணக்கில் முன்பே எழுதப்பட்ட செலவு. ஆள்கடத்தலில் என்னை மிகவும் உலுக்குவது இதுதான்: பாதிக்கப்பட்டவர் கைதாவதும் அந்தத் தொழிலின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

அப்படிப் பிடிபட்டவர் நீதிமன்றத்தில் என்ன சொல்லித் தப்ப முடியும்? மிரட்டலுக்குப் பயந்துதான் செய்தேன் என்ற வாதத்தை இங்கிலாந்துச் சட்டம் நெடுங்காலமாகவே ஏற்றுவந்தது. ஆனால் அதற்கான நிபந்தனைகள் கடுமையானவை. கொலையோ படுகாயமோ உடனடியாக நேரும் என்ற மிரட்டல் இருக்க வேண்டும். ஓடித் தப்ப வழி இருந்திருக்கக் கூடாது. கழுத்தில் கத்தி வைக்கப்பட்டவரை மனதில் வைத்து வளர்ந்த சட்டம் அது.

ஆள்கடத்தலில் கத்தி வெளியே வரவேண்டிய அவசியமே பெரும்பாலும் இருப்பதில்லை. பயணச் செலவென்று ஆயிரக்கணக்கான பவுண்டு கடன் தலையில் ஏறியிருக்கும். ஊரில் வீடோ நிலமோ அடமானத்தில் கிடக்கும். கடன் கொடுத்தவருக்கு அம்மாவின் முகவரி தெரியும். கையில் கடவுச்சீட்டு இல்லை, வாயில் மொழி இல்லை. போலீசிடம் போனால் உன்னைத்தான் உள்ளே வைப்பார்கள் என்று சொல்லிச் சொல்லியே பழக்கியிருப்பார்கள். கதவு திறந்தே கிடந்தாலும் போக இடம் ஏது?

அந்த ஆண்டு நவம்பரில், சிறுவன் ஆள்கடத்தலுக்கு ஆளானவனே என்று அதற்கென இருந்த அரசு அதிகார அமைப்பு முடிவு செய்தது. அரசுத் தரப்போ வழக்கைக் கைவிடவில்லை. அவன் இருந்தது சாதாரண வீடு, கையில் செல்பேசியும் பணமும் இருந்தன என்பவை அவனுக்கு எதிராகவே எண்ணப்பட்டன. அந்தச் செல்பேசி அவனை அவர்கள் பிடித்துவைத்திருந்த கயிறாகவும் இருந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. குற்றத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த அவனுக்கு 2010 ஜனவரியில் 20 மாதத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது 12 மாதமானது.

இத்தனைக்கும் 2000-இல் ஐ.நா. ஏற்ற பலெர்மோ நெறிமுறை, குழந்தைகள் விஷயத்தில் தெளிவாகவே பேசியிருந்தது. பெரியவர் என்றால் மிரட்டலோ ஏமாற்றோ நடந்ததைக் காட்ட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் அதுவும் தேவையில்லை. சுரண்டுவதற்காகக் கொண்டுவந்தாலே ஆள்கடத்தல்தான்.

2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கஞ்சா வீடுகளில் பிடிபட்ட மூன்று வியட்நாமியச் சிறுவர்கள், போலி ஆவணம் வைத்திருந்த ஓர் உகாண்டாப் பெண் என நால்வரின் தண்டனைத் தீர்ப்புகளை ஒன்றாக ரத்து செய்தது. 2015-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் வந்தது. அதன் 45-ஆம் பிரிவை நான் வியப்போடு படித்தேன். அங்கே கத்தி இல்லை, உடனடி மரணம் இல்லை. அடிமைத்தனமோ சுரண்டலோ ஒருவரைக் கட்டாயப்படுத்தியதா, அவருடைய வயது, பாலினம், உடல்-மன நலக் குறைபாடுகள் எல்லாம் கொண்ட ஒரு நியாயமான மனிதருக்கு அதே நிலையில் நடைமுறையில் வேறு வழி இருந்திருக்குமா என்றுதான் அது கேட்கிறது. சிறார் என்றால் கட்டாயத்தையும் காட்ட வேண்டாம்; சுரண்டலின் நேரடி விளைவாகவே அச்செயல் நடந்திருக்க வேண்டும், அதே நிலையில், அதே வயதில் இருக்கும் நியாயமான ஒருவரும் அதைச் செய்திருக்க வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவர் ஓரளவு சான்று காட்டினால் போதும். அது பொய்யென்று ஐயமற நிறுவும் சுமை அரசுத் தரப்புக்கு என்று 2018-இல் தெளிவாக்கப்பட்டது.

பிரிவின் பின்னாலேயே நீண்ட விலக்குப் பட்டியலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கொலை, ஆட்கடத்தி அடைத்தல், கொள்ளை என்று நூற்றுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு இந்தத் தற்காப்பு கிடையாது. 2021-இல் இன்னொரு முட்டுக்கட்டை சேர்ந்தது. இவர் ஆள்கடத்தலுக்கு ஆளானவர் என்று அரசின் சொந்த அமைப்பே விசாரித்து எடுத்த முடிவை ஜூரியின் முன் சாட்சியமாக வைக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த அதிகாரிகள் நிபுணர் சாட்சிகள் அல்ல என்பது அதன் காரணம். சட்டப்படி சரியாக இருக்கலாம். கூண்டில் நிற்பவரின் பக்கமிருந்து பார்த்தால் இது கொடுமை.

கேம்பிரிட்ஜ் சிறுவனின் வழக்கு, அதேபோல லண்டனில் பிடிபட்ட இன்னொரு வியட்நாமியரின் வழக்கோடு சேர்ந்து ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்வரை போனது. 2021 பிப்ரவரி 16-இல் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர் மேல் வழக்கே போடக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நம்பத்தகுந்த சந்தேகம் எழுந்தவுடன், முடிந்தவரை வழக்குத் தொடர முடிவெடுக்கும் முன்பே, பயிற்சி பெற்றவர் அவரை ஆராய வேண்டும். அப்படி ஆராய்ந்தவரின் முடிவை மறுக்கும் அரசு வழக்கறிஞர் தெளிவான காரணம் காட்ட வேண்டும் என்றது. உண்மை ஆராயப்படாத நிலையில் அந்த இருவரும் கொடுத்த குற்ற ஒப்புதல், முழு விவரமறிந்து கொடுத்த ஒப்புதல் ஆகாது என்றும் சொன்னது. இருவருக்கும் தலா 25,000 யூரோ இழப்பீடு.

இது நமக்கும் தூரத்துச் செய்தியல்ல. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப்போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவடியில் சிக்கி, அடி உதைக்குப் பயந்து இணைய மோசடியில் ஈடுபடுத்தப்பட்டதும், 2022-இல் சிலர் சென்னை திரும்பியதும் நினைவிருக்கும். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்று ஆள்கடத்தலைப் பற்றி நம் சட்டமும் சொல்கிறது. ஆனால் அவரே குற்றம்சாட்டப்பட்டால் அவருக்கென்று 45-ஆம் பிரிவு போன்ற ஒன்று இங்கே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 32-ஆம் பிரிவு மிரட்டலுக்கு ஆளானவரைக் காப்பாற்றுகிறதுதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் அஞ்சியது உடனடி மரணமாக இருக்க வேண்டும். அடியும் பட்டினியும் கடனும் அந்தக் கணக்கில் வராது.