பாட்டி மடி போதுமா?

உலகத்திலேயே பத்திரமான இடம் எது என்று கேட்டால், பேசத் தெரிந்த குழந்தைகள் எல்லாம் பாட்டியின் மடியைத்தான் சொல்லும். வீட்டுத் திண்ணையில், ஊஞ்சல் பலகையில், கோயில் பிராகாரத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை. ஓடுகிற மோட்டார் காரில் மட்டும் அது உண்மையில்லை என்பதை, செய்யூரில் என் சித்தி வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் நின்று தெரிந்து கொண்டேன்.

செய்யூர், 2019-ல் தனி மாவட்டமான செங்கல்பட்டில் கடலோரப் பக்கம் இருக்கிறது. உப்பளங்களும் கந்தசுவாமி கோயிலும் அந்த ஊருக்கு அடையாளம். சித்தப்பா அங்கே கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு செல்லங்கள். ஒன்று, 8 மாதப் பேத்தி. மற்றொன்று, 2007-ல் வாங்கிய மாருதி 800.

அந்த வண்டியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 1983 டிசம்பரில் முதல் கார் கைமாறியதிலிருந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது வரையில், எத்தனையோ குடும்பங்களை ஸ்கூட்டரிலிருந்து இறக்கிக் காரில் ஏற்றியது அது. 796 சி.சி. இயந்திரம், அகலம் ஒன்றரை மீட்டர் கூடக் கிடையாது. 'சின்ன வண்டி, பெரிய மனசு' என்பார் சித்தப்பா. பதினைந்து வருஷம் முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, வாரத்துக்கு இரண்டு தரம் துடைத்து, பொன்போல வைத்திருக்கிறார்.

ஒரு கன்றுக்குட்டி வந்தது

சில மாதங்களுக்கு முன் கடப்பாக்கம் போய்விட்டு எல்லோரும் திரும்பிக் கொண்டிருந்தார்கள். சித்தப்பா வேகமாக ஓட்டுகிற ஆசாமி அல்ல. முள் நாற்பதைத் தாண்டாது. குழந்தை பின் சீட்டில் சித்தியின் மடியில். திடீரென்று ஒரு கன்றுக்குட்டி சாலையின் குறுக்கே துள்ளி வந்தது. சித்தப்பா பிரேக்கை ஓங்கி மிதித்தார். கன்று பிழைத்தது. ஆனால் சித்தியின் கைகளுக்குள் இருந்த குழந்தையைக் காணோம்! முன் சீட்டின் முதுகில் மோதி, கீழே கால்மாட்டில் விழுந்து கிடந்தது. நெற்றியில் எலுமிச்சம் பழம் அளவு வீக்கம்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து, பயமில்லை என்று அனுப்பி விட்டார்கள். வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்து விட்டது. பெரியவர்கள் மனத்தில் இருந்தது வடியவில்லை. அன்று முதல் சித்தப்பா கார்ச் சாவியைத் தொடவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே சித்தி எழுந்து உள்ளே போய்விடுவாள். "என் கையிலிருந்துதானே நழுவியது?" என்று இவளுக்கு, "என் கால்தானே மிதித்தது?" என்று அவருக்கு.

நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, குழந்தையின் தாயார் - என் தங்கை முறை - சென்னையிலிருந்து ஒரு குழந்தை சீட்டை வாங்கிக் கொண்டு வந்திறங்கினாள். அதைப் பார்த்ததும் சித்திக்கு முகம் சுண்டிவிட்டது.

"பச்சைக் குழந்தையை நாற்காலியில் போட்டுக் கட்டுவதா? என் கையில் நம்பிக்கை இல்லை என்று வாய்விட்டுச் சொல்லேன்!"

"அப்படி இல்லை, அம்மா" என்று ஆரம்பித்தவள், மேலே பேச முடியாமல் என்னைப் பார்த்தாள்.

வாத்தியார் போட்ட கணக்கு

அப்போது பேசாமல் உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"இதோ பார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு மரத்தில் மோதி, அரை மீட்டருக்குள் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள். கார் நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் அதே வேகத்தில் போய்க் கொண்டுதான் இருப்பார்கள். 8 கிலோக் குழந்தையை அந்த அரை மீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால், சுமார் 160 கிலோவைத் தூக்கிப் பிடிக்கிற பலம் வேண்டும். உன்னால் ஒன்றரை மூட்டை அரிசியை ஏந்த முடியுமா? பயில்வானாலும் முடியாது! அந்த வேகத்தில் மோதுவது, மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்."

சற்று நிறுத்திவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "அன்றைக்கு நாம் மோதக்கூட இல்லை, பிரேக்தான் போட்டோம். உன் கை தவறு செய்யவில்லை. கைக்கு அந்த வேலையைக் கொடுத்ததுதான் தவறு."

சித்தி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். பிறகு, "சரி, அந்த நாற்காலியைக் கொண்டு வா. எப்படிக் கட்டுகிறீர்கள், பார்க்கிறேன்" என்றாள்.

மடியைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடாமல் இருந்தால், மோதும்போது அவருடைய பாரம் முழுவதும் குழந்தையின் மேல் விழுந்து நசுக்கிவிடும். தாயையும் சேயையும் ஒரே பெல்ட்டுக்குள் சேர்த்துக் கட்டினாலும் இதே அபாயந்தான்.

முதுகு காட்டிப் பிரயாணம்

கைக்குழந்தையின் சீட் காரின் பின்பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். குழந்தை ஓட்டுகிறவருக்கு முதுகைக் காட்டிக் கொண்டு போகும். இது ஏன் என்று சித்தி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

கைக்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிசு. உயரத்தில் கால் பங்கு தலையே. கழுத்தோ வாழைத் தண்டு. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால், மோதும்போது உடம்பை வார் பிடித்துக் கொள்ளும். தலை மட்டும் முன்னால் வீசப்பட்டுக் கழுத்து தாங்காது. பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே ஒன்றாக ஏந்திக் கொள்ளும்.

இந்த யுக்தி வந்த கதை சுவாரசியமானது. 1960-களில் அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் போகிறவர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்த நிலையில், அந்தப் பிரம்மாண்டமான உந்தலை உடம்பு முழுவதும் பரவலாகத் தாங்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். இதைக் கவனித்த ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், குழந்தைக்கும் அதுபோல் செய்தால் என்ன என்று யோசித்தார். 1964-ல் பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டை வால்வோ காரில் வைத்துச் சோதித்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1962-ல், இங்கிலாந்தில் ஜீன் ஏம்ஸ் என்ற பெண்மணியும் பின்பக்கம் பார்த்த சீட் ஒன்றை உருவாக்கியிருந்தார். நாம் இன்று மார்புக்கும் இடுப்புக்கும் குறுக்கே மாட்டிக் கொள்ளும் பெல்ட்டும் அதே ஸ்வீடன் தந்ததுதான். 1959-ல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் செய்தது.

சீட் கவருக்குள் ஒரு புதையல்

இவ்வளவும் தெரிந்த பிறகு வாசலுக்கு வந்தோம். புதிய கார்களில் குழந்தை சீட்டை 'கடக்'கென்று மாட்ட, ஐசோஃபிக்ஸ் என்ற இரும்பு வளையங்கள் இருக்கின்றன. பழைய 800-ல் அதெல்லாம் ஏது? காரின் பெல்ட்டாலேயே இறுக்கிக் கட்டும் ரகத்தைத்தான் தங்கை வாங்கி வந்திருந்தாள். ஆனால் பின் சீட்டில் பெல்ட் மாட்டும் பக்கிளைக் காணோம்!

"பின்னால் பெல்ட்டே கிடையாது போலிருக்கிறது" என்றார் சித்தப்பா. மதுராந்தகத்திலிருந்து வரவழைத்திருந்த மெக்கானிக் தம்பி சிரித்துக் கொண்டே சீட் கவரைக் கழற்றினார். உள்ளே, வாங்கிய நாள் முதல் வெளிச்சம் காணாத இரண்டு பக்கிள்கள்! கூடவே ஒரு எட்டணாவும் ஒரு ஹேர்பின்னும் கிடைத்தன. பெல்ட் நைந்திருக்கிறதா, பிரிந்திருக்கிறதா என்று முழு நீளமும் வெளியே இழுத்துப் பார்த்தார். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக் கொள்கிறதா என்றும் பார்த்தார். நன்றாகவே இருந்தது.

உங்கள் காரில் பின் பெல்ட்டே இல்லாவிட்டால்? அதற்கென்று தகுந்த வேலைக்கூடத்தில், காரின் சட்டத்தில் பெல்ட்டுக்காக அமைந்த திருகு துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துப் பொருத்தச் சொல்லுங்கள். வெறும் தகட்டில் துளை போட்டு மாட்டினால் இழுப்பில் பிய்ந்து வந்துவிடும். கயிற்றாலோ துப்பட்டாவாலோ சீட்டைக் கட்டுவது கட்டாமல் இருப்பதற்குச் சமம்.

முழங்கால் வைத்தியம்

எந்தப் பக்கம் வைப்பது? இடது பக்கம், முன் பிரயாணிக்குப் பின்னால் என்று முடிவாயிற்று. ஓட்டுகிறவர் சீட்டை நினைத்தபடி நகர்த்த முடியாது. இடது சீட்டை முன்னால் தள்ளலாம். குழந்தையைச் சாலை நடுவில் அல்லாமல் ஓரத்தில் இறக்கவும் சௌகரியம். முன்பக்கம் காற்றுப் பை உள்ள கார்களில், பின்பக்கம் பார்க்கும் சீட்டை முன்னால் வைக்கவே கூடாது; பை வெடித்து விரிகிற வேகமே குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

முதல் தடவை கட்டினோம். பெல்ட் எட்டியது, ஆனால் சீட் ஒரு ஜாண் அசைந்தது. "இது போதுமே" என்றார் சித்தப்பா. தம்பி தலையை ஆட்டிவிட்டு, கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். பெல்ட் போக வேண்டிய வழியைச் சீட்டிலேயே நிறத்தால் குறித்திருந்தார்கள். பின்பக்கம் பார்க்க வைத்தால் நீலம், முன்பக்கம் பார்க்க வைத்தால் சிவப்பு. நாங்கள் அவசரத்தில் ஒரு நீலக் கொக்கியை விட்டிருந்தோம்! வழியைச் சரி செய்து, முழங்காலைச் சீட்டில் ஊன்றி முழுப் பாரத்தையும் கொடுத்து, பெல்ட்டின் தொய்வை எல்லாம் இழுத்து எடுத்து, சீட்டிலிருந்த பூட்டை மூடினார். பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டினோம். இரண்டரை சென்டிமீட்டர்கூட அசையவில்லை. அதுதான் அளவு.

சின்னக் கார்களில் வரக்கூடிய வேறு சில சங்கடங்களையும் அவர் சொன்னார். சில கார்களில் பெல்ட் நீளம் போதாது. சிலவற்றில் பக்கிளின் தண்டு நீண்டு, சீட்டின் விளிம்பில் மடங்கி நிற்கும். மோதும்போது திறந்து கொள்ளலாம். பின் சீட் சரிவாக இருந்தால் குழந்தை நிமிர்ந்துபோய், தூங்கும்போது தலை மார்பில் கவிழ்ந்து மூச்சை அடைக்கும். ஆகையால் கடைக்காரரிடம், "என் காரில் வைத்துப் பார்த்த பிறகுதான் பணம்" என்று சொல்லிவிடுங்கள். கத்தரிக்காயைப் பொறுக்கி வாங்குகிறவர்கள் இதற்குக் கூச்சப்படலாமா?

நினைவில் வைக்க

- குழந்தையின் எடையைப் பார்த்து சீட் வாங்குங்கள். பிறந்தது முதல் 13 கிலோ வரை ஒரு ரகம். 9 முதல் 18 கிலோ வரை அடுத்தது. குறைந்தது பதினைந்து மாதம் வரையில் பின்பக்கம் பார்ப்பதே நல்லது. சீட் இடம் கொடுத்தால் இன்னும் அதிகமாகவும் வைக்கலாம்.
- ஆர்44, ஆர்129 என்ற சர்வதேச முத்திரையோ, நம் நாட்டு ஏ.ஐ.எஸ். 072 தரமோ இருக்கிறதா என்று பாருங்கள்.
- தெரிந்தவர் கொடுத்த பழைய சீட்டானால், விபத்தில் சிக்கியதா, பாகம் ஏதும் குறைகிறதா, காலக்கெடு தாண்டிவிட்டதா என்று கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் வேண்டாம்.
- தோள் வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு அகப்பட்டால் தளர்ச்சி என்று அர்த்தம். பட்டுப் பாவாடை, கனத்த போர்வை இவற்றுக்கு மேல் வார் போடக்கூடாது. வாரைப் போட்டுவிட்டு மேலே போர்த்துங்கள்.
- சற்றுப் பெரிய குழந்தைக்கு உயர்த்தும் சீட் உண்டு. பெல்ட் தோளின் மேல் போக வேண்டும், கழுத்தில் அல்ல. இடுப்பில் படிய வேண்டும், வயிற்றில் அல்ல. இடுப்புப் பெல்ட் மட்டுமே உள்ள இடத்தில் இதை உபயோகிக்கக் கூடாது.
- பின்பக்கத் தட்டில் தூக்கு, டிபன் காரியர், தேங்காய் வைக்காதீர்கள். மோதினால் அவையும் பறக்கும்.
- வெயிலில் நின்ற காரில் பக்கிள் சுடும். ஏறுமுன் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷமானாலும் குழந்தையை நின்ற காருக்குள் தனியே விடாதீர்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ, குழந்தைக்கான பாதுகாப்பு சீட்டோ இல்லாமல் காரில் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் அபராதத்துக்குப் பயந்தா நாம் குழந்தையைக் காப்பாற்றுகிறோம்?

சாயங்காலம் நான்கு மணிக்கு

குழந்தையை உட்கார்த்தியதும் அது ஊரைக் கூட்டி அழுதது. சித்தி பதறிப்போய்க் கையை நீட்டினாள். பிறகு, என்ன நினைத்தாளோ, கையை மடக்கிக் கொண்டாள். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து பாட ஆரம்பித்தாள். இரண்டாவது பாட்டில் அழுகை நின்றது.

"மடியில் இருந்தால் இவள் உச்சந்தலைதான் தெரியும். இப்போது முகமே தெரிகிறது" என்றாள் என்னிடம்.

"நீங்களும் பெல்ட் போடுங்கள், சித்தி" என்றேன். பின் சீட்டில் இருப்பவருக்கு எதற்கு என்று அவள் கேட்டபோது, தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியைப் பற்றிச் சொன்னேன். 2022 செப்டம்பர் 4-ந் தேதி பால்கர் அருகே நடந்த விபத்தில் அவர் உயிரிழந்தபோது, பின் சீட்டில் பெல்ட் போடாமல்தான் இருந்தார். சித்தி மறுபேச்சுப் பேசாமல் பெல்ட்டை இழுத்து மாட்டிக் கொண்டாள்.

முன்னால் தங்கை முழங்காலைக் குறுக்கிக் கொண்டு உட்கார்ந்தாள். சித்தப்பா வந்து கதவைத் திறந்தார். பல மாதங்களுக்குப் பிறகு சாவியைக் கையில் எடுத்தவருக்கு, அதைத் திருப்பச் சற்று நேரம் பிடித்தது. கூவத்தூர், கல்பாக்கம், மாமல்லபுரம் வழியாகச் சென்னை போய்ச் சேர வேண்டும். வண்டி உறுமியது, ஆனால் நகரவில்லை. ஏனென்று எட்டிப் பார்த்தேன்.

பின் சீட்டிலிருந்து சித்தியின் அதட்டல் கேட்டது:

"கணக்கெல்லாம் பிரமாதமாகப் போட்டீர்களே, உங்கள் பெல்ட் எங்கே?"