சம்பள நாள் இரவு

பாடாங் மேஹா போன்ற மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களின் லயங்களில் ஒரு காலத்தில் சம்பள நாள் வந்தால் கள்ளுக்கடை நிரம்பும். பல வீடுகளில் பிள்ளைகள் மூலையில் ஒதுங்கும். இதை எதிர்த்துத்தான் 1946-47இல் பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடையை மூடச் சொன்ன அந்த இயக்கத்தை 1947இல் போலீஸ் ஒடுக்கியது. அதைக் கூலிப் போராட்டமாக மட்டும் பார்ப்பது பாதிக் கதைதான்; மறுபாதி வீட்டுக்குள் இருந்தது.

அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே அவர் மனநிலையைக் கணிக்கும் பிள்ளை, எல்லா வீடும் இப்படித்தான் என்று நம்பிவிடும்.

சண்டையே இல்லாத வீடு ஏது? சண்டைக்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம். 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஒரு சோதனை செய்தார். தாய் சிறிது நேரம் முகத்தில் சலனமின்றி இருந்தாள், கைக்குழந்தை கலங்கியது. அவள் மறுபடி சிரித்துப் பேசியதும் மெல்லத் தேறியது. பெரிய பிள்ளைக்கும் அந்தத் திரும்பி வருதல் தேவை: “நேத்து அப்பா கத்துனது தப்புய்யா, உன் மேல கோவமில்ல.” தோசையைத் தட்டில் போட்டபடியே சொல்லிவிடலாம்.

பயந்தால் யாரிடம் ஓடுவது என்பதும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்: பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, வகுப்பாசிரியர். மலேசிய அரசின் ‘தாலியான் காசிஹ்’ உதவி எண் 15999, இரவிலும் அழைக்கலாம்.