சிராங்கூன் சாலையில் நம்ம ஊர் மேளம்

1973இல் சிங்கப்பூர் அரசு ஒரு தடை போட்டது. தைப்பூசக் காவடி போகிற சாலையில் எந்த வாத்தியமும் வாசிக்கக் கூடாது. கோயிலுக்குள் வாசிக்கலாம், வாசலைத் தாண்டினால் கூடாது. 43 ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில்தான் அந்தச் சாலையில் அனுமதியோடு மேளம் கேட்டது. அதுவும் மூன்றே இடங்களில்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இது தூரத்து நாட்டுச் செய்தி இல்லை. சிங்கப்பூரில் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் போன பிள்ளைகள் இங்கே பல ஊர்களில் உண்டு. அதற்கு வெகுகாலம் முன்பே போனவர்கள் நகரத்தார். ராயவரம், கோனாபட்டு, பனையப்பட்டி, குழிபிறை என்று அவர்களுடைய ஊர்கள் பலவும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. காவடி ஊர்வலம் போய்ச் சேருகிற டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை 1859இல் கட்டியதும் நகரத்தார் சமூகமே.

சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் காவடி கிளம்பும். அங்கிருந்து டேங்க் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. தார்ச்சாலையில் வெறுங்காலோடு, நாக்கிலும் முதுகிலும் அலகு குத்திக்கொண்டு, தோளில் கனத்த காவடியைச் சுமந்து நடக்கிறவருக்கு மேளம் அலங்காரம் அல்ல. அவர் அடி எடுத்து வைப்பதே அந்த அடியின் மேல்தான். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பால்குடமும் காவடியும் எடுத்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தவில்காரர் காலம் மாற்றினால் ஆடுகிறவரின் கால் தானாக மாறும். நடை தளர்கிற இடத்தில் உறுமி விடாமல் உறுமும். கூட வருகிற சொந்தக்காரர்களுக்கும் அந்தச் சத்தம்தான் தெம்பு.

அப்படிப்பட்ட மேளத்தை ஏன் நிறுத்தினார்கள்? அரசு சொன்ன காரணம் சண்டை. போட்டி போட்டு வாசித்த கோஷ்டிகளுக்குள் கைகலப்பு வந்து ஊர்வலம் குலைந்தது என்றார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு பழைய பயமும் இருந்தது. 1964 ஜூலையில் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட இனக்கலவரத்துக்குப் பிறகு, மத ஊர்வலம் என்றாலே சிங்கப்பூர் அரசு மிகுந்த எச்சரிக்கையோடு இருந்தது. இந்துக்களுக்குத் தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. சின்னத் தீவில் நான்கு இனங்கள் நெருக்கியடித்து வாழும்போது அந்த எச்சரிக்கைக்கு அர்த்தம் உண்டுதான். ஆனால் 43 ஆண்டு என்பது நீண்ட காலம். ஒரு தலைமுறை முழுவதும் மேளமில்லாத காவடியைப் பார்த்தே வளர்ந்துவிட்டது.

அந்த ஆண்டுகளில் சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள், வேல் வேல் என்று குரல் கொடுத்தார்கள். பக்திப் பாடல் பாடும் விதிகூட 2010களின் தொடக்கத்தில்தான் தளர்ந்தது. 2015 தைப்பூசத்தன்று மேளம் அடித்ததை ஒட்டிப் போலீசாருக்கும் சிலருக்கும் தகராறாகி, மூன்று பேர் கைதானார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போனது. பொதுமக்கள் மத்தியிலும் பெரிய விவாதம் எழுந்தது. இந்து அறக்கட்டளை வாரியம் அரசோடு பேசியது. மறுவருடம் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. பிறகு விதிகள் மெல்ல மெல்ல இன்னும் தளர்ந்தன.

சாலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அங்கே வேலை செய்கிற நம் ஆட்களுக்கு வேறு விதமாகவும் வந்தது. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, சிராங்கூன் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியாவில் பஸ்ஸில் அடிபட்டு ஒரு கட்டடத் தொழிலாளி இறந்தார். அவர் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், வயது 33. அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. வாரத்தில் ஒரே ஒரு நாள் கூடிப் பேசுகிற அந்தத் தெருக்களில் அதற்குப் பிறகு காவலும் கட்டுப்பாடும் கூடின.

பக்கத்து மலேசியாவில் நிலைமை வேறு. பத்துமலையிலும் பினாங்கிலும் தைப்பூசம் என்றால் உறுமி மேளம்தான். குழுவுக்கு ஒரு பெயர் வைத்து, ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு தமிழ் இளைஞர்கள் வாசிக்கிறார்கள். தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர்.

உலகின் இன்னொரு மூலையில் ஓர் அரசாங்கமே இசையைத் தெருவுக்கு அழைத்தது. 1982இல் பிரான்சில் எடுத்த கணக்கெடுப்பில், ஏறக்குறைய 50 லட்சம் பேர் ஏதாவது ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தது. இத்தனை பேர் வீட்டுக்குள் வாசித்துக்கொண்டிருக்கிறார்களே, இவர்களைத் தெருவுக்குக் கூப்பிட்டால் என்ன என்று கலாசார அமைச்சர் ஜாக் லாங்கும், இசைத்துறை இயக்குநர் மொரிஸ் ஃப்ளேரேயும் நினைத்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 21இல் முதல் இசைத் திருநாள் நடந்தது. கட்டணம் கிடையாது. தேர்ந்த கலைஞரும் நேற்றுக் கிட்டார் வாங்கிய பையனும் ஒரே தெருவில் வாசிக்கலாம். இன்று அது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியிலும் கொண்டாடுகிறார்கள். பாரிஸில் வாழும் ஈழத்தமிழர்கள் இன்னொரு தெருவிழாவையும் அந்த நகரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். கோடை முடிகிற சமயத்தில் லா ஷாப்பெல் பகுதியில் மாணிக்க விநாயகர் தேர் வரும்போது, நாகசுரமும் தவிலும் கேட்கப் பிரெஞ்சுக்காரர்களும் நடைபாதையில் வந்து நிற்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேட்பவருக்கு இலவசம் என்பது நல்லது. வாசிப்பவருக்கும் கூலி இல்லை என்றால் அது அநியாயம். நம் கிராமங்களில் தப்பு அடித்தவர்களை நீண்ட காலம் சாதி சொல்லி ஓரத்தில் நிறுத்தினார்கள். ஊரே அவர்கள் அடிக்கு ஆடியது, அவர்களுக்குக் கிடைத்ததோ சொற்பக் கூலி. அதனால்தான் 2007இல் சென்னைப் பூங்காக்களிலும் கடற்கரையிலும் சென்னை சங்கமம் தொடங்கியது முக்கியமான விஷயம். கிராமியக் கலைஞர்கள் தலைநகரத்தில் மரியாதையோடு மேடையேறினார்கள். இடையில் நின்றுபோன அந்த விழா 2023 பொங்கலுக்குத் திரும்ப வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துக் களபத்தைச் சேர்ந்த செந்தில் கணேஷ் 2018இல் சூப்பர் சிங்கர் போட்டியில் நாட்டுப்புறப் பாட்டைப் பாடியே வென்றார். அவரும் அவருடைய மனைவி ராஜலட்சுமியும் இன்று வெளிநாட்டு மேடைகளிலும் பாடுகிறார்கள். கோயில் தெருவில் வாசிக்கிற நையாண்டி மேளக்காரருக்கும் அந்த மரியாதையில் பங்கு வர வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்களுக்கு ஒரு தகவல். அங்கே தைப்பூசம் பொது விடுமுறை இல்லை. 1968இல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் முந்தைய நாள் வெள்ளித் தேர் டேங்க் ரோட்டிலிருந்து கியோங் செய்க் சாலை விநாயகர் கோயிலுக்குப் போய் வரும். அன்று நள்ளிரவை ஒட்டியே பால்குடங்களும் கிளம்பத் தொடங்கிவிடும். காவடி மறுநாள் இரவு வரை வந்துகொண்டே இருக்கும். வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்தாலும் மேளம் கேட்கலாம்.