கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

சென்னையில் பிள்ளைகளுக்கான செஸ் போட்டி நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பள்ளி வளாகத்துக்குள் போய்ப் பாருங்கள். முதல் ரவுண்டு தொடங்கும் நேரத்தில் ஆர்பிட்டர் மைக்கைப் பிடித்து, "பேரன்ட்ஸ் எல்லாரும் வெளியே போயிடுங்க" என்பார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தளர்த்திக் கொடுத்து, நெற்றித் திருநீற்றைச் சரிசெய்துவிட்டு, அப்பா அம்மாக்கள் மனசில்லாமல் நகர்வார்கள். கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் மரத்தடிதான். உள்ளே நடந்தது என்னவென்று பிள்ளை வெளியே வந்து சொன்னால் உண்டு. இல்லையென்றால் வேறு யாராவது சொல்ல வேண்டும்.

அப்படிக் காத்து நின்ற ஒரு நாளில்தான் வள்ளுவர் போட்டிருக்கும் 'கேட்ட' என்ற சொல் எனக்கு உறைத்தது. மக்கட்பேறு அதிகாரத்தின் 69-ஆவது குறள். பெற்றெடுத்த நேரத்து மகிழ்ச்சியையும் மிஞ்சிய மகிழ்ச்சி ஒரு தாய்க்கு எப்போது வருகிறது என்றால், தன் பிள்ளை குணவான் என்று அடுத்தவர் சொல்லக் காதில் விழும்போது. பார்த்த தாய் என்று அவர் எழுதவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய பரிமேலழகர் இதற்குக் காரணம் சொல்கிறார்: பெண் இயல்பால் தானாக அறியமாட்டாள், ஆகவே பிறர் சொல்லக் கேட்கிறாள் என்று. எவ்வளவு பெரிய உரையாசிரியரானாலும் இந்த இடத்தில் அவரோடு என்னால் போக முடியவில்லை. வீட்டில் நாம் பார்ப்பதெல்லாம் நம் கண்ணெதிரே நடந்துகொள்கிற பிள்ளையைத்தான். நாம் இல்லாத இடத்தில் அது எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க அம்மாவுக்கும் வழியில்லை, அப்பாவுக்கும் வழியில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தானாக அறியாதவள் தாய் என்று சொல்பவர்களுக்கு நாகலட்சுமியைக் காட்டலாம். செஸ் கிராண்ட்மாஸ்டர்களான பிரக்ஞானந்தாவுக்கும் வைஷாலிக்கும் அம்மா. அப்பா ரமேஷ்பாபு வங்கியில் வேலை பார்த்தவர். இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர் என்பதால் தூரப் பயணம் அவருக்குச் சிரமம். எனவே தேசம் தேசமாகப் பிள்ளைகளோடு அலைந்தது அம்மாதான். இண்டக்‌ஷன் அடுப்பையும் அரிசியையும் பெட்டியில் கட்டிக்கொண்டு போய், எந்த ஊர் ஓட்டல் அறையானாலும் ரசஞ்சோறு ஆக்கிப் போட்டவர். 2023 ஆகஸ்ட்டில், பாகு நகரில் நடந்த உலகக் கோப்பையின் காலிறுதியில் அர்ஜுன் எரிகைசியை வென்றுவிட்டு வந்த மகனைச் செய்தியாளர்கள் சூழ்ந்துகொள்ள, சற்றுத் தள்ளி நின்று அவனையே பார்த்துப் பூரித்துப்போன அவருடைய படம் ஊரெல்லாம் சுற்றியது. மகனின் முகத்தை வைத்தே அவன் தெம்பாக இருக்கிறானா, தடுமாறுகிறானா என்று தனக்குத் தெரிந்துவிடும் என்று பிறகு சொன்னார். ஆட்டம் நடக்கும்போது அவன் கண்ணை நேருக்கு நேர் பார்க்கமாட்டாராம். தன் மனசில் ஓடுவது அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று. இதைவிட என்ன அறிய வேண்டும் ஒரு தாய்? இறுதிப் போட்டியில் கார்ல்சனிடம் டை பிரேக்கில் பிரக்ஞானந்தா தோற்றார். அந்தப் படத்தை அன்றைக்கு மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அந்த வீட்டுக்குள் செஸ் வந்தது வைஷாலியால். டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாளே என்று வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பியும் காயைக் கையில் எடுத்தான். 2018-இல், 13 வயதுகூட நிறையாமல், தம்பி கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். அக்காவுக்கு அந்தப் பட்டம் எட்டியது 2023 டிசம்பரில். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல். எங்கே போனாலும் தம்பியைப் பற்றிய பேச்சுதான் முதலில் வந்திருக்கும். அத்தனை வருஷமும் அவர் முகம் வாடாமல் பலகையின் முன் உட்கார்ந்ததை, 2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் அக்கா, தம்பி இருவர் அணிக்கும் கிடைத்த தங்கத்தைவிட ஒரு படி மேலே வைக்கிறேன். உலகத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆன முதல் அக்காவும் தம்பியும் இவர்கள்தான்.

என் மகள் கிராண்ட்மாஸ்டர் இல்லை. இரண்டு வருஷம் ஆடினாள், பரிசு பெரிதாக ஒன்றும் வரவில்லை. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு நாள் நாலாவது ரவுண்டில் தோற்றுவிட்டு வந்தாள். நல்ல நிலையில் இருந்த ஆட்டம். "என்னடி ஆச்சு?" என்றால் "தோத்துட்டேம்பா" என்பதோடு சரி. "கவனமா ஆடியிருக்கலாம்ல" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவள் தயிர்சாத டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் ஒரு அம்மா வந்தார். "சார், அந்த நீலக் கவுன் உங்க பொண்ணா? எம் பையன் பக்கத்து போர்டுல ஆடினான்" என்று ஆரம்பித்தார். எதிரே ஆடிய பெண் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறாள். இவள் யோசித்துக்கொண்டே குதிரையைத் தொட்டுவிட்டாள். தொட்ட பிறகுதான், அதை நகர்த்தினால் பின்னால் நிற்கும் ராணி போய்விடும் என்று கண்ணில் பட்டிருக்கிறது. தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பது செஸ்ஸின் சட்டம். ஆனால் பார்க்க ஆளில்லை. ஆர்பிட்டர் ஹாலின் அந்தக் கோடியில். கையை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாளாம். அப்புறம் அதே குதிரையை எடுத்து வைத்துவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினாளாம்.

"எம் பையன் சோறு திங்காம இதையே சொல்லிக்கிட்டிருக்கான் சார்" என்றார் அந்த அம்மா.

குழாயை மூட மறந்து நின்றேன். அவர் போன பிறகு மகளிடம் போய், திட்டியதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல், டப்பாவை வாங்கி நானே கழுவினேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போனாள். கைநிறையக் கல் உப்பும் நாலு வரமிளகாயுமாக வந்து, பிள்ளையைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்தாள்.

"நான் தோத்துட்டேம்மா" என்றாள் மகள்.

"பேசாம உக்காரு" என்று மூன்று முறை சுற்றி, கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் நெடி கொஞ்சங்கூட வரவில்லை.

"பாத்தீங்களா, எவ்வளவு கண்ணு" என்றாள்.