பழைய மடிக்கணினியில் வீட்டுச் சர்வர்

குடும்பப் படங்களும், ஊருக்குப் போனபோது படமெடுத்த ஏட்டுச்சுவடிகளும் ஆளுக்கொரு கைபேசியில் சிதறிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் சேர்க்கப் பரணிலுள்ள மடிக்கணினியே போதும். பழைய மேசைக்கணினி வேண்டாம் என்பேன். சும்மா நின்றே 60 வாட் தின்றால், ஆண்டுக்கு 525 யூனிட்! திரையணைத்த மடிக்கணினி 10 வாட் என்றால் 88 யூனிட்தான்; வியாபாரிக்கு வேறென்ன கணக்கு வேணும்?

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டி, விசிறித் தூசியைத் துடைத்தேன், இரைச்சல் போச்சு. இலவச டெபியன் லினக்ஸை ஏற்றி, மூடியைச் சாத்தினாலும் தூங்காதபடி அமைக்கணும். சாம்பா என்னும் மென்பொருள் வழியே வீட்டார் எல்லாரும் கோப்புகளைத் திறக்கலாம். மின்வெட்டில் அதன் பேட்டரியே கைகொடுக்கும். உப்பியிருந்தால் மட்டும் குத்தாமல் கொள்ளாமல் கழற்றி அப்புறப்படுத்துங்கள்.

ஒரே வட்டை நம்பக்கூடாது. சுவடிப் படங்களின் மறுபிரதி என் தம்பி வீட்டு அலமாரியில் இருக்கிறது.