மகிழுந்துக்குள் குளிர்காற்று

சித்திரை வெயிலில் காற்று வறண்டால் சோமனூரின் விசைத்தறிக் கூடங்களில் பாவு நூல் அடிக்கடி அறும். பருத்தி நூல் தன் வலிமைக்குக் காற்றின் ஈரத்தையும் நம்பியிருக்கிறது. நூல் அறுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி குறையும். இந்த நெசவுச் சிக்கலுக்கும் மகிழுந்தின் குளிர்சாதனத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு.

1902ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றால் தாள் விரிந்து வண்ணங்கள் இடம் மாறிப் பதிந்தன. அதைச் சீராக்க வில்லிஸ் காரியர் என்னும் பொறியாளர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பொன்றை வடிவமைத்தார். ‘ஏர் கண்டிஷனிங்’ என்னும் பெயரை 1906இல் வழங்கியவர் ஸ்டூவர்ட் கிரேமர். அவர் கருத்தில் இருந்தவை பருத்தி ஆலைகளே. ஆக, மனிதரின் சுகத்திற்கு முன்பே தாளுக்கும் நூலுக்கும் காற்று பதப்படுத்தப்பட்டது. மகிழுந்திற்கு இவ்வசதியை அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939இல் அறிமுகம் செய்தது. அதன் குளிர்ச்சிக் கருவி பின்புறப் பெட்டியறையை அடைத்துக்கொண்டது. அதை முழுமையாக நிறுத்த, எந்திரத்தை அணைத்து இறங்கி, அமுக்கியின் பட்டையைக் கையால் கழற்ற வேண்டியிருந்தது!

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கடத்துகிறது. மண்பானை நீர் குளிர்வதும் இவ்வடிப்படையிலேயே. நீர்மம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தைக் கவர்கிறது. மகிழுந்துகளில் பரவலாகப் பயன்பட்டுவரும் ஆர்-134ஏ என்னும் குளிர்பொருள், இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ −26 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும். எந்திரத்தின் பட்டையால் சுழலும் அமுக்கி, அதன் ஆவியை அழுத்திச் சூடேற்றுகிறது. வண்டியின் முன்புறத்திலுள்ள கண்டென்சரில் அது வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்து நீர்மமாகிறது. பின்னர் ஒரு குறுகிய வால்வின் வழியே பாயும்போது அழுத்தம் சட்டெனக் குறைகிறது. ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகைக்குள் மறைந்திருக்கும் ஆவியாக்கியில் அது கொதித்து, விசிறி செலுத்தும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அவ்வாவி மீண்டும் அமுக்கியை அடைகிறது. அமுக்கியைச் சுழற்ற ஆற்றல் தேவை. ஆதலின் எரிபொருள் சற்றுக் கூடுதலாகவே செலவாகும்.

குளிர்ந்த ஆவியாக்கியின் மேல் காற்றின் ஈரம் துளிகளாகப் படிந்து குழாய் வழியே வடிகிறது. நிறுத்திய வண்டியின் அடியில் சொட்டும் தெளிந்த நீரைக் கண்டு பழுதென அஞ்சுவோர் உளர். அது பெரும்பாலும் இந்த ஈரமே. மழைக்காலத்தில் முகப்புக் கண்ணாடியின் உட்புறம் பனித்தால் குளிர்சாதனத்தை இயக்கச் சொல்வதும் இதனாலேயே. தறிக்கூடத்தில் ஈரத்தைச் சேர்க்கத் தேடிய அறிவு, மகிழுந்தில் ஈரத்தை நீக்குகிறது.

குளிர்ச்சி வேறு, காற்றோட்டம் வேறு. பலகையிலுள்ள ஒரு பொத்தான் வெளிக்காற்றைத் தடுத்து, உட்காற்றையே மீண்டும் மீண்டும் சுழலச் செய்யும். புகையும் தூசியும் மிகுந்த சாலையில் அது நன்று, விரைவில் குளிரும். ஆனால் நால்வர் அமர்ந்த வண்டியில் நெடுநேரம் அவ்வாறே சென்றால், மூச்சிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து ஓட்டுநருக்குச் சோர்வு தரும். இடையிடையே வெளிக்காற்றை அனுமதித்தல் வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கிச் சிறிது தொலைவு ஓட்டினால், தேங்கிய வெப்பக்காற்று வெளியேறிவிடும். அதன்பின் உட்சுழற்சி போதும்.

இதனினும் கொடியது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற இவ்வளி குருதியின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் பிணைகிறது. மூடிய கொட்டகையில் எந்திரத்தை ஓடவிட்டு, குளிர்காற்றில் கண்ணயர்ந்தவரை அது எழுப்பாமலே கொல்லும். புகைபோக்கியில் ஓட்டை இருப்பின், திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்குள்ளும் அது புகக்கூடும். வெளிக்காற்றைத் தேர்ந்தாலும் அந்நச்சுக் காற்றையே விசிறி உள்ளிழுக்கும். எந்திரத்தை அணைப்பதே அங்குக் காப்பு.